யாருக்கும் சொந்தமில்லாத கடல் (தொடர் – 6)

போன வாரம் கதையைக் கியூபாவில் நிறுத்தினோம். குருஷேவ் ஏவுகணைகளைக் கழற்றிக்கொண்டு போனார். பதிலுக்குக் கென்னடி, துருக்கியில் நின்ற ஜூபிட்டர் ஏவுகணைகளைச் சத்தமில்லாமல் அகற்றச் சம்மதித்தார். 1963 ஏப்ரலில் அவையும் இறங்கின. அதே மாதம் துருக்கியின் இஸ்மிர் துறைமுகத்துக்கு ஒரு விருந்தாளி வந்தது: போலாரிஸ் ஏவுகணைகளைச் சுமந்த அமெரிக்க நீர்மூழ்கி, சாம் ஹூஸ்டன். ஆபத்து போகவில்லை, தண்ணீருக்குள் இறங்கிவிட்டது.

தரையில் ஏவுகணை நட ஒரு நட்பு நாட்டின் தயவு வேண்டும். நீர்மூழ்கிக்கு எவன் தயவும் வேண்டாம். போலாரிஸின் புதிய வகை சுமார் 4,600 கிலோமீட்டர் பாயும்; அரபிக் கடலின் வடக்கில் நின்றால் மொஸ்கோவே எட்டும் தூரம். துருக்கியோடு பேரம் பேசலாம். இந்து சமுத்திரத்தோடு யார் பேசுவது?

பேச முன்வந்தது நம் சின்னத் தீவு, இலங்கை. அதன் கிழக்குக் கரையில், பாசிக்குடாவில் கழுத்து நனையாமல் வெகுதூரம் கடலுக்குள் நடக்கலாம், அவ்வளவு சாது. ஆனால் மட்டக்களப்புக்கு அப்பால், 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் இன்னும் அடியில் கிடக்கிறது. 307 பேர் அதோடு போனார்கள். வடக்கே திருகோணமலையில் பிரித்தானியக் கடற்படை 1957 வரை குடியிருந்தது. பெரியவர்களின் சண்டை தன் வாசலுக்கு வந்தால் என்ன ஆகும் என்பது இந்தக் கரைக்குப் புத்தகப் பாடமல்ல.

1971 பிரதமர் ஸ்ரீமாவோவுக்குப் பொல்லாத வருஷம். ஏப்ரலில் ஜே.வி.பி. கிளர்ச்சி, அதை அடக்க இந்தியா, பிரித்தானியா, அமெரிக்கா, சோவியத் என்று எல்லோரிடமும் உதவி வாங்கினார். தீவுக்குத் தெற்கே சுமார் 1,700 கிலோமீட்டரில் தியாகோ கார்சியாவில் அமெரிக்கர்கள் தளம் கட்டத் தொடங்கியதும், அங்கிருந்த குடிகள் வெளியேற்றப்பட்டதும் அதே வருஷந்தான். கடன்பட்ட கையோடு ஒக்டோபர் 12 அன்று ஐ.நா. பொதுச்சபையில் நின்று, இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக்குங்கள் என்று அவர் கேட்டது சாமானியத் துணிச்சல் இல்லை.

டிசம்பரில் வங்கதேசப் போர் மூண்டது. அமெரிக்க ஜனாதிபதி நிக்சனின் உத்தரவில் அணுசக்தியில் ஓடும் என்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பல், தன் பரிவாரத்தோடு மலாக்கா நீரிணையைக் கடந்து வங்காள விரிகுடாவுக்குள் நுழைந்தது. கரையில் பாசிக்குடா இருக்கும் அதே விரிகுடா.

டிசம்பர் 16. டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்த அதே நாளில் நியூயோர்க்கில், ஸ்ரீமாவோ கேட்ட சமாதான வலயத்துக்கு வாக்கெடுப்பு. ஆதரவு 61, எதிர்ப்பு ஒன்றுமில்லை. வாக்களிக்காமல் ஒதுங்கியவர்கள் 55 பேர்; அவர்களில் வொஷிங்டனும் மொஸ்கோவும் உண்டு! சண்டைக்கோழிகள் இரண்டும் ஒன்றுசேர்ந்த இடம் இதுதான்.

பிரேரணை நிறைவேறிவிட்டது. கடலிலோ என்டர்பிரைஸ் நிற்கிறது. அதைத் தேடி விளாடிவோஸ்டொக்கிலிருந்து சோவியத் கப்பல்கள் புறப்பட்டிருந்தன, கூடவே நீர்மூழ்கிகளும். அவற்றின் தளபதி அட்மிரல் க்ருக்லியாகோவின் கையில் இருந்த உத்தரவு என்ன?

(அடுத்த வாரம்)