கவசத்தின் கணக்கு

விதிப்புத்தகத்தை யாரும் பிரதியாக வாசிப்பதில்லை. கதைக்குத்தான் விமர்சனம், விதிக்கு எதற்கு என்று விட்டுவிடுகிறோம். ஆனால் எந்த உடல் காயப்படும், எந்த உடல் காயப்படாது என்பதைக் கதை தொடங்குவதற்கு முன்பே விதி தீர்மானித்துவிடுகிறது. அமெரிக்காவில் 1970களில் உருவான 'ரோல்பிளேயிங்' ஆட்டங்களை எடுத்துக்கொள்வோம். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, முடிவு தெரியாத இடத்தில் பகடை உருட்டுகிற ஆட்டம். இவற்றில் அறிவியல் புனைவைச் சேர்ந்தவற்றில் 'பவர் ஆர்மர்' என்றொரு சாமான் தவறாமல் வரும். வெறும் இரும்புச் சட்டை இல்லை. போட்டவனின் பலத்தைப் பெருக்கும் இயந்திரக் கவசம்.

இதைப் பரவலாக்கியது ராபர்ட் ஹைன்லைன் 1959இல் எழுதிய 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்' நாவல். ஹைன்லைன் கடற்படைக் கல்லூரியில் படித்து, காசநோயால் 1934இல் பணியை விட்டவர், சண்டை பார்த்தவரல்ல. அரசுச் சேவை முடித்தவனுக்கு மட்டுமே வாக்குரிமை என்பது அவர் படைத்த சமூகத்தின் ஏற்பாடு. கவசமும் வாக்கும் அங்கே ஒரே அதிகாரக் கதையாடலின் இரண்டு முகங்கள். 1968இல் வியட்நாமில் படுகாயமடைந்த ஜோ ஹால்டெமன் 1974இல் 'தி ஃபாரெவர் வார்' எழுதினார். அதிலும் கவசம் உண்டு. ஆனால் பயிற்சிக் களத்திலேயே அது உள்ளே இருப்பவரைக் கொல்கிறது. அனுபவம் எங்கே பேசுகிறது, ஆசை எங்கே பேசுகிறது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 1976இல் அவலான் ஹில் நிறுவனம் பலகை ஆட்டமாக்க எடுத்துக்கொண்டது ஹைன்லைனைத்தான்.

மறு வருடம், 1977இல், மார்க் மில்லர் உருவாக்கிய 'ட்ராவலர்' வந்தது. அமெரிக்காவில் கட்டாய ராணுவச் சேர்ப்பு 1973இல் நின்று, வியட்நாம் போர் 1975இல் முடிந்திருந்த சமயம். இந்த ஆட்டத்தில் உங்கள் பாத்திரம் பெரும்பாலும் ஒரு முன்னாள் சிப்பாய், மாலுமி, அல்லது வணிகக் கப்பல்காரன். சேவையில் கழித்த வருடங்களையும் பகடை போட்டே தீர்மானிக்க வேண்டும். பகடை சரியில்லையென்றால் ஆட்டம் தொடங்குமுன்பே ஆள் காலி. இதைக் கிண்டல் செய்து சிரித்தவர்கள் ஏராளம். எனக்கென்னவோ ராணுவம் பற்றி இந்த வகை ஆட்டங்களில் எழுதப்பட்ட மிக நேர்மையான விதி இதுதான் என்று படுகிறது.

ட்ராவலரின் கவசத்துக்குப் பெயர் 'பேட்டில் டிரஸ்'. 1981 பதிப்பின்படி, சுமை தூக்கவும் கைச்சண்டைக்கும் பலம் இரட்டிப்பு, களைப்பே கிடையாது. விலை 2,00,000 கிரெடிட். சாதாரணத் தோல் சட்டை 50தான். சேவை முடித்து வெளியே வருகிறவன் கைக்கு வரும் காசில் இதை வாங்குவது லேசல்ல. கவசம் அரசின் சொத்து. உடல் மட்டுமே அவனுடையது. இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். இங்கே கவசம், குண்டு படுமா படாதா என்கிற பகடையைத்தான் மாற்றுகிறது. 1974இல் 'டஞ்சன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ்' போட்ட வழிதான் அது. பட்டுவிட்டதோ, கவசம் போட்டவனுக்கும் போடாதவனுக்கும் ஒரே கணக்கு. சேதம் நேராகப் பலம், லாவகம், தாங்கும் சக்தி ஆகியவற்றிலிருந்து கழியும். காயம்பட்டவன் அந்த நிமிடமே பலவீனன். உள்ளே ஓர் உடம்பு இருக்கிறது என்பதை விதி மறக்கவில்லை.

பல்லேடியம் நிறுவனம் 1986இல் வெளியிட்ட 'ரோபோடெக்' ஆட்டத்தில் புதிய அலகொன்று வருகிறது: 'மெகா டேமேஜ்'. இதன் ஒரு புள்ளி சாதாரணச் சேதத்தில் 100 புள்ளிக்குச் சமம். ராட்சத ரோபோக்களுக்கு இது சரி என்று விடலாம். கைத்துப்பாக்கி போர்க்கப்பலை என்ன செய்யும்? கெவின் சீம்பீடா 1990இல் கொண்டுவந்த 'ரிஃப்ட்ஸ்', ஒற்றை ஆள் அணியும் கவசத்துக்கும், டிராகன் போன்ற சில பிறவிகளின் தோலுக்கும்கூட அதே அலகைத் தந்தது. அதன் புகழ்பெற்ற 'கிளிட்டர் பாய்' கவசத்துக்கு 770 மெகா புள்ளி. சாதாரணக் கணக்கில் 77,000. கவசமில்லாத மனிதனிடம் இருப்பது சில பத்துகள். மெகா ஆயுதம் ஒரு புள்ளி பட்டாலே அவன் இல்லை. அவன் சுடுகிற சாதாரணக் குண்டோ எதிரியின் கணக்கில் ஏறுவதேயில்லை. கவசத்துக்கு இப்போது தனி உயிர். அது தீரும்வரை உள்ளே இருப்பவன்மீது கீறல் விழாது.

'அட, இதெல்லாம் கணக்கு வசதிக்காகத்தானே' என்பார்கள். வசதிதான். யாருடைய வசதி? ட்ராவலரில் ஏழைக்கும் படைவீரனுக்கும் நடுவில் இருப்பது பணமும் வாய்ப்பும். ரிஃப்ட்ஸில் இருப்பது அளவுகோலே. எண்ணப்படும் உடல்கள், எண்ணப்படாத உடல்கள் என்று உலகம் பிளந்துவிடுகிறது. ரிஃப்ட்ஸின் கதை இதை ஆதரிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அதில் வரும் 'கோயலிஷன்' அரசு மனித இன மேலாதிக்கம் பேசுவது. மண்டையோட்டு வடிவக் கவசம் அணிவித்த படையை வைத்திருப்பது. தன் குடிமக்களைப் பெரும்பாலும் எழுத்தறிவில்லாமலே வைத்திருப்பது. நூலாசிரியர் அதைக் கொடுங்கோன்மையாகத்தான் வரைகிறார். ஆனால் கவசமில்லாத கிராமத்தார் அந்தப் படையை எதிர்த்து நிற்பதாக மேசையில் யாராவது ஆடிப் பார்க்கட்டும். கதை எதிர்ப்பை அழைக்கிறது, விதி கதவை அடைக்கிறது. எதிர்க்க வேண்டுமானால் முதலில் அவர்களும் ஒரு மெகா கவசம் தேடிக்கொள்ள வேண்டும்.

நிஜ உலகத்தில் இந்தக் கவசம் நடக்கவேயில்லை என்பது தனி வேடிக்கை. அமெரிக்க ராணுவப் பணத்தில் ஜெனரல் எலக்ட்ரிக் 1965இல் தொடங்கிய 'ஹார்டிமேன்' இயந்திரம், முழுதாக இயக்கினால் கட்டுப்பாடின்றி உதறியது. ஆளை உள்ளே வைத்து அதை முழுமையாக ஓட்டத் துணியவில்லை. ஒரு கை மட்டும் ஏதோ வேலை செய்தது. 2013இல் அமெரிக்கச் சிறப்புப் படைகள் அறிவித்த 'டாலோஸ்' கவசமும் 2019இல் கைவிடப்பட்டது. இந்த உதறலுக்கு, மக்கர் பண்ணும் கவசத்துக்கு, நான் சொன்ன இரு ஆட்டங்களின் கவச விதிகளிலும் இடமில்லை. ஹால்டெமன் பார்த்ததை மேசை பார்க்கவில்லை.

2016இல் ரிஃப்ட்ஸ் உலகம் 'சாவேஜ் வேர்ல்ட்ஸ்' என்ற வேறொரு விதிமுறைக்கு மாற்றி எழுதப்பட்டது. நூறுக்கு ஒன்று என்கிற பெருக்கல் போனது. 'மெகா டேமேஜ்' என்ற பெயரும், சாதாரண ஆயுதம் துளைக்க முடியாத கவசம் என்கிற கோடும் அப்படியே இருக்கின்றன.