வாடகை வீடும் பழைய மிஸ்ரின் மாடிகளும்

அரியலூரில் வாடகைக்கு வீடு தேடுவோர் தொகை நம் கண்முன்னேயே பெருகியிருக்கின்றது. சுண்ணாம்புக்கல் பூமியாகிய இவ்வட்டாரத்தில் 1979-ஆம் ஆண்டு அரசு சிமெண்ட் ஆலை எழுந்தது; தனியார் ஆலைகளும் வந்தன. 2007-இல் அரியலூர் மீண்டும் தனி மாவட்டமாயிற்று. 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஒவ்வொரு வரவும் வெளியூர்க் குடும்பங்கள் சிலவற்றை அழைத்து வந்தது. கீழே உரிமையாளரும் மேலே குடித்தனக்காரருமாக வாழும் மாடி வீடுகளும், அடுக்குமாடிகளும் அவர்களுக்கென்றே எழுந்தன.

வீடு பார்க்கச் செல்லும் நம் குடும்பத்தார் வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, பள்ளிவாசல் எத்தனை தூரம் என்று வினவுகின்றனர். வேண்டிய வினாக்களே. ஆனால் கூரையை அண்ணாந்து பார்ப்பவர் அரியர். குழாயைத் திறந்து பார்ப்பவர் அவரினும் அரியர். பேசியதை எழுத்தில் தாருங்கள் என்று கேட்பதையோ மரியாதைக் குறைவென்றே பலரும் எண்ணுகின்றனர். மாடி வீட்டு வாடகை நம் ஊருக்குப் புதிதாயிருக்கலாம். முஸ்லிம்களின் வரலாற்றுக்கு அது மிகப் பழையது. முன்னோர் இதனை எவ்வாறு நடத்தினர் என்று சற்றே பார்ப்போம்.

பாரசீக நாட்டு நாஸிர் குஸ்ரவ் என்னும் அறிஞர் 1047-ஆம் ஆண்டு மிஸ்ரு தேசத்தை அடைந்தார். அங்குக் கண்டவற்றைத் தம் 'சஃபர்நாமா'வில் எழுதிவைத்துள்ளார். நைல் நதிக்கரையிலிருந்த பழைய மிஸ்ரு நகரம் தொலைவிலிருந்து நோக்குவார்க்கு மலைபோல் தோன்றுமாம்; ஏழு நிலை வீடுகளும் பதினான்கு நிலை வீடுகளும் இருந்தன என்கிறார். அருகில் புதிதாய் எழுந்த காஹிராவையும் பழைய மிஸ்ரையும் சேர்த்து, ஆட்சியாளருக்குச் சொந்தமான 8,000 வீடுகள் மாத வாடகைக்கு விடப்பட்டிருந்தனவென்றும், எவரையும் வற்புறுத்திக் குடியேற்றும் வழக்கம் இல்லையென்றும் குறிக்கின்றார். அரசனே வீட்டுக்காரனாயிருந்தும் வற்புறுத்தல் இல்லை என்பதை நாம் வியந்து படித்தோம்.

அவர் சொல்லும் வேறொரு செய்தி இன்னும் சுவையானது. நான்கு நிலை வீடு ஒன்றில் மூன்று நிலைகள் மாதம் 15 தீனாருக்கு விடப்பட்டிருந்தன. குடியிருந்தவர் இன்னும் ஐந்து தீனார் தருவதாகச் சொல்லி, மேல் நிலையையும் கேட்டார். எப்போதாவது நாம் வந்து தங்க வேண்டியிருக்கும் என்று உரிமையாளர் மறுத்துவிட்டார். அவ்வோராண்டில் அவர் இருமுறைகூட அங்கு வரவில்லையாம்! ஓர் அறையைப் பூட்டிவைத்துக்கொண்டு மற்றதை விடும் வீட்டுக்காரரை நாமும் அறிவோம். ஆயிரமாண்டு கழிந்தும் அவர் மாறவில்லை.

இப்பயணி மிஸ்ரு வருவதற்குப் பத்தாண்டு முன்னர், 1037-இல், பக்தாதில் மறைந்தவர் இமாம் குதூரி. அவரது பிக்ஹு நூலை நம் மதரஸாக்களில் இன்றும் ஓதுகின்றனர். அதன் 'இஜாரா'ப் பகுதியை ஓதும் மாணவர், கடைத்தெருவின் ஓசையையே அதில் கேட்கலாம். வாடகைக்கு எடுத்த வீட்டில் எதற்காகக் குடியிருக்கிறோம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கொல்லனையோ, துணி அடித்து வெளுப்பவனையோ, மாவரைக்கும் எந்திரக்காரனையோ அதில் குடிவைக்கலாகாது. ஏனெனில் அதிர்ச்சியால் கட்டடம் சேதமுறும். மாதம் இவ்வளவு என்று மட்டும் பேசி, எத்தனை மாதம் என்று சொல்லாது விட்டால், ஒப்பந்தம் முதல் மாதத்துக்கே செல்லும். இரண்டாம் மாதத்தில் சிறிது நேரம் குடியிருந்துவிட்டாலோ, அம்மாதம் முடியும்வரை அவரை வெளியேற்ற இயலாது.

ஹனபி சட்டத்தைத் துருக்கியர் ஆட்சி 1869 முதல் 1876 வரை 'மஜல்லா' என்னும் பெயரில் விதிவிதியாகத் தொகுத்தது. அதில் வீடு தேடுவார் கருத்தூன்ற வேண்டிய இடம் ஒன்றுண்டு. வீட்டைச் செப்பனிடுவதும், நீர்வழியைச் சரிசெய்வதும் உரிமையாளர் பொறுப்பு. அவர் செய்ய மறுத்தால் குடியிருப்பவர் வீட்டை விட்டு நீங்கிக்கொள்ளலாம். ஆனால் எடுக்கும்போதே வீடு அந்நிலையில் இருந்து, அதனைப் பார்த்த பின்னும் எடுத்திருந்தால், அக்குறையைக் காட்டி நீங்கும் உரிமை இல்லை. பார்த்தது ஒப்புக்கொண்டதற்குச் சமம் என்பதே இதன் கருத்து. ஆகவே, மழை ஓய்ந்த மறுநாள் சென்று, சுவரின் ஈரத்தைத் தொட்டுப் பார்த்து, இதைச் சரிசெய்து தந்தால் வருகிறோம் என்று சொல்வதற்குரிய வேளை சாவி வாங்குவதற்கு முன்புதான். இவ்வூரில் நீரையும் பார்க்க வேண்டும். சுண்ணாம்புப் பூமியின் நீர் பாத்திரத்தில் வெள்ளையாய்ப் படியும். கல் ஏற்றிய லாரிகள் செல்லும் சாலையாயின், சாளரத்தைத் திறந்து சிறிது நேரம் நின்று பார்ப்பதும் நலம்.

மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் இடையேயுள்ள உறவு எந்தச் சட்டத்திலும் முழுதாய் அடங்குவதன்று. 622-இல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது ஹஜ்ரத் அபூ அய்யூப் அன்சாரி (ரலி) அவர்களின் வீட்டில் தங்கினார்கள். காண வருவோர்க்கு எளிதாயிருக்கும் என்று கீழ்த்தளத்தையே விரும்பினார்கள். ஓரிரவு மேலே நீர்க்குடம் உடைந்துவிட்டது. கீழே ஒரு துளியும் சொட்டலாகாதே என அஞ்சிய அபூ அய்யூபும் அவர் மனைவியாரும், தாங்கள் போர்த்துக்கொள்ள வைத்திருந்த ஒரே போர்வையால் அந்நீரை ஒற்றி எடுத்தனர்.

நம் மாநிலச் சட்டத்துக்கு வருவோம். இரண்டாம் உலகப் போர்க்கால வீட்டுப் பஞ்சத்தை அடுத்து 1946-இல் சென்னை மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1960-ஆம் ஆண்டுச் சட்டம் நெடுங்காலம் நிலவியது. அதனை நீக்கி, 2017-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். வேறு உடன்பாடு இல்லையெனில் முன்பணம் மூன்று மாத வாடகையைக் கடக்கலாகாது. கட்டடப் பழுதும் வெள்ளையடிப்பும் உரிமையாளருக்கு. குழாய் வாஷர் போன்ற சிறு பழுதுகள் குடியிருப்பவருக்கு. மஜல்லாவை ஓதியவர்க்கு இதில் புதுமை மிகுதியில்லை.

முன்பணம் என்பது திருப்பித் தரவேண்டிய பணம். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு பணிக்கும் வசனமே திருக்குர்ஆனில் மிக நீண்டது என்பதை நம் பிள்ளைகளும் அறிவர். அறிந்தும் என்ன? நாம் அறிந்த குடும்பம் ஒன்று, வீட்டுக்காரர் நல்லவர் என்று வாய்ச்சொல்லை நம்பிப் பத்து மாத வாடகையை முன்பணமாய்க் கொடுத்தது. அவர் நல்லவராகவே இருந்தார், திடீரென மறைந்தார். வாரிசுகளோ அப்படியொரு பணம் தங்களுக்குத் தெரியாது என்றனர். அவர்கள் பொய்யுரைத்ததாகவும் சொல்வதற்கில்லை. தந்தை அவர்களிடம் சொல்லாமலே போயிருக்கலாம். காட்டுவதற்கு ஒரு துண்டுத் தாளும் இல்லை. ஆறு மாதம் அலைந்து, பாதிக்கும் குறைவாகவே பெற்றுக்கொண்டு அக்குடும்பம் வீட்டைக் காலி செய்தது. அடுத்து வந்தவர்களும் பணத்தைக் கையில் கொடுத்துச் சாவியை வாங்கிக்கொண்டனர் என்று கேள்வியுற்றோம்.