மன்னாரைக் கடந்தவர்களும் மன்னாருக்கு வந்தவர்களும்

இலங்கையின் வடமேற்குக் கரையிலிருந்து இந்தியாவை நோக்கி நீண்டு கிடக்கும் மணல் தீவு மன்னார். தென்கிழக்கு முனையில் மன்னார் நகரமும் வடமேற்கு முனையில் தலைமன்னாரும் உள்ளன. அதற்கு அப்பால் இராமர் அணையின் மணல் திட்டுகள் தனுஷ்கோடி வரை தொடர்கின்றன. இந்த அமைப்பினால் தீவு நெடுங்காலம் இரு நாடுகளுக்கு இடையிலான கடவையாகவே இருந்தது. குடும்பங்கள் விடுமுறைக்கு வந்து தங்கிப் பார்க்கும் இடமாக அது மாறியது, அந்தக் கடவை மூடப்பட்டுப் பல ஆண்டுகள் சென்ற பின்னர்தான்.

19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்குச் சென்ற தமிழகத் தொழிலாளர்கள் தோணிகளில் வந்து தலைமன்னாரிலோ அரிப்பிலோ இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தனர். பசியாலும் கொலராவாலும் வழியிலேயே இறந்தோர் பலர்.

1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார் ரயில் பாதையும் திறக்கப்பட்டதும் பயணம் அடியோடு மாறியது. அதுவரை சென்னையிலிருந்து வந்தவர்கள் தூத்துக்குடியில் கப்பலேறி நேரே கொழும்புக்குச் சென்றனர். புதிய வழியில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலான சுமார் 35 கிலோமீற்றர் மட்டுமே கடல். கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என இந்திய வைஸ்ராய்களின் பெயர் கொண்ட நீராவிக் கப்பல்கள் அதைக் கடந்தன. சென்னையில் வாங்கிய ஒரே சீட்டில் கொழும்பு வரை செல்ல முடிந்தது. வணிகர்களும், உறவினரைப் பார்க்கப் போன குடும்பங்களும், இராமேஸ்வரத்துக்கும் மதுரைக்கும் சென்ற யாத்திரிகர்களும் இவ்வழியே போய்வந்தனர். கப்பல் துறையடியிலேயே ரயில் நின்றதால் மன்னாரில் தங்க வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை.

1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் கப்பல் இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடியது. அதே ஆண்டு கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களை ஏற்றிச் சென்றதும் இந்தக் கப்பல்தான். 1984இல் சேவை நின்றது.

மன்னார்ப் பகுதிக்கு மக்கள் வந்து தங்கிய பழைய வழக்கம் ஒன்று உண்டென்றால் அது மடு யாத்திரை. ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1670இல், மாந்தையிலிருந்த சில குடும்பங்கள் மாதா சொரூபத்துடன் பெருநிலத்துக் காட்டுக்குள் சென்று மடுவில் குடியேறின என்பது மரபு. இப்போதுள்ள ஆலயத்தின் கட்டுமானப் பணியை ஆயர் பொஞ்சீன் 1872இல் தொடக்கினார். 1924 ஜூலை 2ஆம் திகதி சொரூபத்துக்கு முடிசூட்டப்பட்டது. ஜூலை 2, ஆகஸ்ட் 15 ஆகிய இரு திருவிழாக்களுக்கும் தமிழரும் சிங்களவரும் வருவர். இந்துக்களும் பௌத்தர்களும் அவர்களிடையே உண்டு. முன்பு மாட்டு வண்டியிலும் பின்பு ரயிலிலும் பஸ்ஸிலும் வந்த குடும்பங்கள் மரங்களின் கீழ் கொட்டில் அமைத்து, அடுப்பு மூட்டிச் சமைத்து, நாட்கணக்கில் தங்கின. பல குடும்பங்களுக்கு ஆண்டில் ஒரே நெடும் பயணமும் அதுவே.

1990இல் போர் இந்தப் பாதைகள் எல்லாவற்றையும் அறுத்தது. ரயில் நின்றது; தீவைப் பெருநிலத்துடன் இணைத்த பாலம் தகர்க்கப்பட்டது; அவ்வாண்டு ஒக்டோபரில் மன்னார் முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். மடு வளாகம் அகதிகளின் புகலிடமாயிற்று. 1999 நவம்பரில் அங்கு விழுந்த எறிகணைகளுக்குப் பலர் பலியாகினர். 2008 ஏப்ரலில், சண்டை நெருங்கியபோது, தேவன்பிட்டிக்கு எடுத்துச் செல்லப்பட்ட சொரூபம் ஆகஸ்டில் மடுவுக்குத் திரும்பியது.

ஜப்பானிய நிதியுதவியுடன் கட்டப்பட்ட புதிய பாலமும் செப்பனிட்ட தாம்போதியும் போர் முடிந்தபின் 2010இல் திறக்கப்பட்டன. 2015 ஜனவரியில் போப் பிரான்சிஸ் மடுவுக்கு வந்தார். இந்திய நிறுவனமான இர்கான் மீண்டும் அமைத்த பாதையில் மார்ச் மாதம் ரயில் தலைமன்னாரை அடைந்தது.

இப்போது வரும் குடும்பங்கள் முதலில் காண்பது தாம்போதி முடிவிலுள்ள கோட்டை. போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரைக் கைப்பற்றிக் கட்டிய அதை, 1658இல் ஒல்லாந்தர் பிடித்துப் பின்னர் திருத்திக் கட்டினர். பள்ளிமுனையில் சுமார் 19.5 மீற்றர் சுற்றளவுள்ள பெருக்கமரம் நிற்கிறது. ஆபிரிக்காவுக்குரிய இம்மரத்தை அரபு வணிகர் கொண்டுவந்தனர் என்பர். பெருநிலத்தில் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீஸ்வரம் உள்ளது. தெற்கே அரிப்பில், முத்துக்குளிப்பை மேற்பார்வையிட ஆளுநர் பிரடெரிக் நோர்த் கட்டிய மாளிகை இடிந்து நிற்கிறது. வங்காலைச் சரணாலயத்துக்குப் பூநாரைகள் பருவம்தோறும் வருகின்றன.

உணவு கடலிலிருந்தும் பனையிலிருந்தும் வருகிறது. நண்டு, கணவாய், இறால், கருவாடு ஆகியவற்றோடு பனங்கிழங்கும் பனாட்டும் கிடைக்கும். பனங்கிழங்கைப் பிளந்து உலர்த்தி இடித்த ஒடியல் மாவில் மீன், நண்டு, மரவள்ளி, பயற்றங்காய், பலாக்கொட்டை சேர்த்து, புளியும் மிளகாயும் கரைத்துக் காய்ச்சும் கூழ் வட பகுதிக்கே உரியது. பனையோலையில் கோலிய பிளாவில் ஊற்றிக் குடிப்பது வழக்கம்.

2023இல் இந்தியாவுக்கான கப்பல் மீண்டும் ஓடத் தொடங்கியபோது அது நாகப்பட்டினத்தையும் காங்கேசன்துறையையும்தான் இணைத்தது. தலைமன்னார்ப் பாதையோ இறங்குதுறையோடு முடிகிறது; அங்கே இறங்கும் பயணிகள் இப்போது மன்னாருக்கென்றே வருபவர்கள்.