பலூன் கடைத் துப்பாக்கி

குற்றாலம் சீசன் என்றால் எனக்கு அருவிக்கு முன்னால் நினைவுக்கு வருவது பலூன் கடை. பலகையில் வரிசையாகக் கட்டிய பலூன்கள், கட்டை தேய்ந்துபோன ஒரு ஏர்கன். கீழப்பாவூரிலிருந்து பஸ் பிடித்துக் குளிக்கப் போகும் நாங்கள் ஈரத்தலையோடு அங்கேதான் நிற்போம். "நேரா குறி பாத்தா படாதுலே, ரெண்டு விரக்கடை தள்ளிச் சுடு" என்று பின்னாலிருந்து யாராவது சொல்வார்கள்.

போன மாதம் அக்கா மகன் போன் செய்தான். கல்லூரியில் இரண்டாம் வருஷம். "மாமா, ஏர்கன் வாங்கலாம்னு இருக்கேன். ஸ்பிரிங்கா, பிசிபியா? எதுக்குப் பவர் ஜாஸ்தி?" கேள்வி சின்னதுதான். பதில் சொல்லத் தொடங்கினால் இருநூறு வருஷம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

காற்றுத் துப்பாக்கியை நாம் விளையாட்டுச் சாமானாகவே பார்த்துப் பழகிவிட்டோம். ஆனால் 1780 வாக்கில் ஆஸ்திரியப் படை ஜிரார்டோனி என்ற காற்றுத் துப்பாக்கியைப் போருக்கே எடுத்துப் போனது. அதன் பின்கட்டைதான் காற்றுக் கலம். ஒருமுறை நிரப்பக் கைப்பம்பை ஆயிரம் தடவைக்கு மேல் அடிக்க வேண்டும். நிரப்பிவிட்டால் புகை இல்லாமல், மருந்து இடிக்காமல், இருபது குண்டுகளை அடுத்தடுத்துச் சுடலாம். 1804-இல் அமெரிக்காவின் மேற்கை அளக்கக் கிளம்பிய லூயிஸும் கிளார்க்கும் இப்படி ஒரு காற்றுத் துப்பாக்கியைக் கொண்டுபோய், வழியில் சந்தித்த பழங்குடிகளிடம் சுட்டுக் காட்டினார்கள்.

அதே இருபது வருஷத்தில் நம் சீமையில் நடந்தது நேர் எதிரானது. 1799-இல் கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். 1801 போருக்குப் பின் பாளையங்களின் கோட்டைகள் இடிக்கப்பட்டன, ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. 1878-இல் வந்த ஆயுதச் சட்டம், இந்தியன் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும் என்றது. ஐரோப்பியருக்கு விலக்கு. 1911-இல் எங்களுக்குப் பக்கத்துச் செங்கோட்டையைச் சேர்ந்த வாஞ்சிநாதன் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டபோது, அவர் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் கைத்துப்பாக்கி. துப்பாக்கி யார் கையில் இருக்கலாம் என்பது எப்போதுமே அரசாங்கத்தின் கவலை.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1959 சட்டமும் உரிமத்தை விடவில்லை. சாதாரண மனிதனுக்கு எஞ்சியது ஏர்கன்தான். 2016 ஆயுத விதிகள் அதற்கும் கோடு போட்டன: 20 ஜூல் ஆற்றலையோ 4.5 மில்லிமீட்டர் விட்டத்தையோ தாண்டினால் உரிமம் வேண்டும். ஆகவே, முதல் தேர்வை நமக்காகச் சட்டமே செய்துவிட்டது.

மிச்சத் தேர்வு, காற்றை எப்படி அழுத்துகிறோம் என்பதில் இருக்கிறது. பலூன் கடையில் இருப்பது ஸ்பிரிங் வகை. குழாயை மடக்கினால் சுருள்வில் இறுகும், விசையை அழுத்தினால் பிஸ்டன் பாய்ந்து காற்றை நெருக்கிக் குண்டைத் தள்ளும். சிக்கல் என்னவென்றால், குண்டு வெளியேறும் முன்பே துப்பாக்கி பின்னும் முன்னுமாக உதறிவிடும். இறுக்கிப் பிடித்தால் குறி தப்பும், தளர்வாகத் தாங்கப் பழக வேண்டும். கார்பன் டை ஆக்சைடு வகையில் உதறல் குறைவு. ஆனால் வெயில் ஏற ஏற வாயுவின் அழுத்தமும் ஏறும், காலையில் பட்ட இடத்தில் மத்தியானம் படாது. பிசிபி என்பது ஜிரார்டோனியின் பேரன். கலத்தில் 200 பார் அளவுக்குக் காற்று, கார் டயரைப் போல ஏறக்குறைய நூறு மடங்கு. உதறல் கிடையாது என்றே சொல்லலாம். ஆனால் பம்பு, சிலிண்டர் என்று செலவு நீளும்.

சரி, பவர்? 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை வாங்கியது 10 மீட்டர் ஏர் ரைஃபிளில். அந்த இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். அரை கிராம் குண்டு வினாடிக்கு 175 மீட்டர் வேகத்தில் போனால் கணக்கு எட்டு ஜூல்கூட வராது. போட்டித் துப்பாக்கிகள் இந்த அளவில்தான் இருக்கின்றன, சட்டம் அனுமதிப்பதில் பாதிகூட இல்லை. காகிதத்தைத் துளைக்க அதற்குமேல் தேவையில்லை. அதற்குமேல் கேட்பவன் மனதில் வேறு ஏதோ இருக்கிறது.

அது என்னவென்று எனக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்பில், கீழப்பாவூர் குளத்தங்கரையில், இரவல் ஏர்கனால் ஒரு மைனாவைச் சுட்டேன். விழும் என்று நான் நினைக்கவே இல்லை. கையில் எடுத்தபோது சூடாக இருந்தது. ரவை போன இடம் தெரியவில்லை, அலகில் மட்டும் ஒரு சொட்டு ரத்தம். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம் என்பது பின்னால் தெரிந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அக்காவுக்கு இன்றுவரை தெரியாது.

அவள் மகனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னேன்: "ஸ்பிரிங் வாங்குடே. ஒவ்வொரு தடவையும் மடக்கி, ஒரு குண்டு போட்டு, மறுபடி நிமிரணும். யோசிக்க நேரம் கிடைக்கும்." இருபது குண்டு பட்டாளத்துக்குத் தேவைப்பட்டது, இவனுக்கு ஒன்று போதும்.

மறுநாள் மெசேஜ் வந்தது: "மாமா, மாடிப்படிலேர்ந்து தண்ணித் தொட்டி வரைக்கும் எட்டு மீட்டர்தான் வருது."

"போதும்" என்று எழுதினேன். "கண்ணாடி போட்டுக்கோ. அட்டைக்குப் பின்னால மணல் மூட்டை வை. தொட்டி மேல காக்கா உக்காந்திருந்தா, அது போற வரைக்கும் சும்மா இரு."