கஞ்சாவை விசாரித்த கமிஷன்

இந்திய தேசத்தில் சர்க்காரின் லைசென்ஸ் பெற்ற கடைகளில் கஞ்சா பகிரங்கமாக விற்பனையாகி, கஜானாவுக்கு வருஷந்தோறும் கணிசமான வருமானத்தை ஈட்டித் தந்த காலம் ஒன்று இருந்தது. வங்காளத்து ராஜஷாஹி ஜில்லாவின் நவகாவ் பிரதேசத்தில் அதிகாரிகளின் மேற்பார்வையிலேயே அது பயிராயிற்று. ஆண் செடிகள் தப்பி நின்றால் மகரந்தம் பரவிப் பெண் செடிகள் விதை பிடித்துச் சரக்கின் தரம் கெட்டுவிடும் என்பதால், அவற்றை இனங்கண்டு களைவதற்கென்றே தேர்ந்த ஆட்களைக் குடியானவர்கள் கூலிக்கு அமர்த்தினார்கள்.

இவ்வியாபாரம் பிரஜைகளின் புத்தியைக் கெடுக்கிறது என்ற முறையீடு வலுத்து, மதுவிலக்கில் தீவிரப் பற்றுடைய டபிள்யூ. எஸ். கெய்ன் 1893-ஆம் வருஷம் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் கேள்வி எழுப்பியதன் விளைவாக, மக்வொர்த் யங் தலைமையில் ஏழு பேர் கொண்ட கமிஷன் ஒன்று நியமிக்கப்பட்டது. அங்கத்தினர்களில் மூவர் இந்தியர். கமிஷன் பல மாகாணங்களிலும் சஞ்சரித்து 1,193 சாட்சிகளின் வாக்குமூலங்களைச் சேகரித்தது.

ஆயினும் அதன் பெருமை சாட்சிகளின் எண்ணிக்கையில் இல்லை. பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளின் பதிவேடுகளை அது பரிசோதித்த விதத்திலேதான் இருக்கிறது என்பது என் துணிபு. கஞ்சாவே சித்தப் பிரமைக்கு மூலம் என்று வாதித்தவர்களுக்கெல்லாம் அப்பதிவேடுகளே பிரமாணமாக விளங்கின. ஆனால் அவற்றில் காரணம் எழுதப்பட்ட முறையோ பரிதாபத்திற்குரியது. தெருவில் திரிந்த ஒருவனைப் பிடித்து வந்த போலீஸார், பாரத்தில் நோய்க்குக் காரணம் குறிக்க வேண்டிய இடத்தைக் காலியாக விட மனமின்றி, அவன் கஞ்சா குடிப்பவன் என்று யாரேனும் சொல்லக் கேட்டதையே எழுதி வைப்பார்கள். மாஜிஸ்டிரேட்டின் கையொப்பத்தோடு அது ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே வைத்திய அபிப்பிராயமாகவே உருமாறிவிடும். கமிஷனோ 1892-ஆம் வருஷத்து நோயாளிகளைத் தனித்தனியே எடுத்துக்கொண்டு, அவரவர் ஊரிலும் உறவினரிடத்தும் மீண்டும் விசாரிக்கச் செய்தது. கஞ்சா முதலியவற்றால் பைத்தியம் பிடித்ததாகப் பதிவான 222 பேரில், அவ்வாறு கொள்ளத் தக்கவர்கள் 98 பேரே என்று தெரிய வந்தது. அவர்களிலும் 37 பேருக்கு வேறு காரணங்களும் கலந்திருந்தன.

மிதமான உபயோகத்தால் பெருந்தீங்கில்லை, அளவு மீறினால் கேடுண்டு, முற்றாகத் தடுப்பது அவசியமுமன்று, உசிதமுமன்று, வரியும் லைசென்ஸுமே தக்க வழி என்று 1894-இல் அறிக்கை முடிவு கூறிற்று. இந்திய அங்கத்தினர் இருவர் இதற்கு உடன்படாமல் தம் மறுப்பைத் தனியே எழுதினார்கள். அவர்களுடைய கவலையும் அலட்சியம் செய்யத்தக்கதன்று.

பதிவேடுகளை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்வி இன்றும் ஓயவில்லை. 2018-ஆம் வருஷம் அக்டோபர் 17-ஆம் தேதி கனடா கஞ்சாவைச் சட்ட சம்மதமாக்கிய பின்னர், அங்குள்ள சுகாதார ஆராய்ச்சியாளர்கள் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுகளின் பதிவுகளைக் கணக்கிட்டு வருகிறார்கள். எண்ணிக்கை ஏறும்போது, தீங்குதான் பெருகியதா, அல்லது தண்டனைப் பயம் நீங்கிய நோயாளி தன் வழக்கத்தை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லத் தொடங்கியிருக்கிறானா என்பதை அவர்களும் முதலில் பிரித்தறிய வேண்டியிருக்கிறது.