காட்டாமணக்கு (விமான எரிபொருள் பயிர்)

காட்டாமணக்கு ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்த பல்லாண்டுக் குறுமரம். தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. நஞ்சுள்ளதால் ஆடுமாடு வாய் வைப்பதில்லை. தமிழகத்திலும் இலங்கையிலும் வேலிச் செடியாக நிலைத்தது அதனால்தான். இலைக்காம்பை ஒடித்து, கசியும் பாலில் சிறுவர்கள் குமிழி ஊதுவதுண்டு. விதையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு எண்ணெய். களையைப்போல் கேட்பாரற்று வளர்வதும், அந்த எண்ணெய் சமையலுக்கு உதவாததும் எரிபொருள் ஆய்வாளர்களை இதன்பக்கம் திருப்பின.

சாதாரண பயோடீசலை விமானத்துக்கு ஊற்ற முடியாது. மேல்வானின் குளிரில் உறைந்துபோகும். ஜெட் ஏ-1 எனும் விமான எரிபொருள் பூச்சியத்துக்குக் கீழ் 47 பாகை செல்சியஸ் வரை உறையாதிருக்க வேண்டும். ஆகவே தாவர எண்ணெயில் உயர் அழுத்தத்தில் ஐதரசனைச் செலுத்தி ஒட்சிசனை நீக்குகிறார்கள். பிறகு 16, 18 காபன் அணுக்கள் கொண்ட நீண்ட சங்கிலிகளைத் துண்டாக்கிக் கிளைக்கவைத்து, மண்ணெண்ணெய்க்கு நிகரான திரவமாக்குகிறார்கள். இதனை வழக்கமான எரிபொருளில் பாதியளவு வரை கலக்க 2011இல் சர்வதேசத் தரவிதி இடமளித்தது.

செய்துகாட்டுவதில் சிக்கல் இருக்கவில்லை. 2008 டிசெம்பர் 30இல் ஏர் நியூசிலாந்தின் போயிங் 747 ஒக்லாந்திலிருந்து பறந்தபோது, நான்கு எஞ்சின்களில் ஒன்றில் பாதி காட்டாமணக்கு எரிபொருள். 2018 ஓகஸ்ட் 27இல் ஸ்பைஸ்ஜெட்டின் கியூ400 விமானம் டேராடூனிலிருந்து டில்லிக்குப் பறந்தது. எண்ணெய் சத்தீஸ்கரிலிருந்து வந்தது. டேராடூனிலுள்ள இந்தியப் பெட்ரோலிய நிறுவனம் அதை எரிபொருளாக்கிக் கால் பங்கு கலந்திருந்தது.

இடறியது வயலில். 2003இல் இந்தியத் திட்டக் குழு, 2011-12க்குள் டீசலில் 20 சதவீதம் கலக்கும் இலக்கோடு தரிசு நிலங்களில் காட்டாமணக்கைப் பரிந்துரைத்தது. இலக்கின் அருகில்கூட நாடு போகவில்லை. கோயம்புத்தூர், திருவண்ணாமலை மாவட்ட விவசாயிகளிடம் நடத்தி 2010இல் வெளியான ஆய்வு, விளைச்சல் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவென்றும், நீர் பாய்ச்சாமல் கட்டுபடியாகாதென்றும் கண்டது. வறண்ட மண்ணில் பிழைத்திருக்கும் செடி அங்கேயே நிறையக் காய்க்கவும் செய்யும் என்று போட்ட கணக்குத்தான் கோளாறு. கூலியும் கடித்தது: ஒரே குலையில் பச்சை, மஞ்சள், கறுப்பு எனக் காய்கள் முன்பின்னாக முற்றுவதால், தேயிலைக் கொழுந்தைப் போலவே சுற்றுச் சுற்றாக வந்து கையால் பறிக்க வேண்டும். பிண்ணாக்கும் நஞ்சு, மாட்டுக்கு ஆகாது, எருவாகப் போடலாம்.

இப்போது ஆய்வாளர்களின் கவனம் கடுகுக் குடும்பக் களைகளின் மீதும் திரும்பியுள்ளது. அமெரிக்கச் சோள வயல்களின் களையான பெனிகிரஸைச் சோள அறுவடைக்குப் பின் விதைத்து, சோயாவுக்கு முன் அறுக்கிறார்கள். தனி நிலம் வேண்டியதில்லை. அதே குடும்பத்துக் கமெலினாவின் எண்ணெயும் 2009இல் ஜப்பான் ஏர்லைன்ஸ் சோதனைப் பறப்பில் பயன்பட்டது.

இலங்கையில் ராகலை, நுவரெலியா போன்ற உயர்மலைத் தோட்டப் பகுதிகளுக்குக் காட்டாமணக்கு ஏற்றதல்ல. தை, மாசியில் தேயிலையையே கருக்கிவிடும் உறைபனியை அது தாங்காது. கடுகினச் செடிகளுக்குக் குளிர் பொருந்தலாம். ஆனால் ஆண்டுதோறும் கிளறி விதைக்கும் பயிர் செங்குத்துச் சரிவில் மண்ணைக் கரைத்துவிடும். மரக்கறித் தோட்டங்களில் இது ஏற்கெனவே பார்த்த நட்டம். தீவில் காட்டாமணக்குக்கு உகந்த வெப்பம் உலர்வலயத்தில் உண்டு. நெல்லுக்கே குளத்து நீரைப் பங்கிட வேண்டிய நிலமும் அதுவே.