இந்தியத் தேசியக் காற்பந்துக் கோப்பைப் போட்டிகளின் வரலாறு

இந்தியத் தேசியக் காற்பந்துக் கோப்பைப் போட்டிகள் என்பன இந்தியாவின் பல பகுதிகளைச் சேர்ந்த அணிகள் கலந்துகொள்ளும் காற்பந்துச் சுற்றுப்போட்டிகள் ஆகும். இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை 1871-72 முதல் ஒரே பெயரில் நடந்து வருகிறது. இந்தியாவில் அவ்வாறு ஒரே கோப்பை நிலைபெறவில்லை. படையணிகளுக்கு டியூரண்ட் கோப்பை (1888), மாநிலங்களுக்குச் சந்தோஷ் கோப்பை (1941), கழகங்களுக்குப் பெடரேசன் கோப்பை (1977), பின்னர் சூப்பர் கோப்பை (2018) என வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு போட்டிகள் தோன்றின.

தொடக்கம்

ஆசியாவின் மிகப் பழைய காற்பந்துப் போட்டியாகிய டியூரண்ட் கோப்பை 1888 ஆம் ஆண்டு சிம்லாவில் தொடங்கப்பட்டது. பிரித்தானிய இந்திய அரசின் வெளியுறவுச் செயலர் மார்ட்டிமர் டியூரண்ட் இதனை நிறுவினார். தொடக்கத்தில் இது பிரித்தானியப் படையணிகளுக்கான போட்டியாகவே இருந்தது. பம்பாயில் ரோவர்சு கோப்பையும் (1891), கல்கத்தாவில் ஐ.எஃப்.ஏ. கேடயமும் (1893) தொடர்ந்து தோன்றின.

1911, சூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியாட்டத்தில், பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடிய மோகன் பகான் அணி, கிழக்கு யார்க்சயர் படையணியை 2-1 என்ற கணக்கில் வென்றது. இக்கேடயத்தை வென்ற முதல் இந்திய அணி இதுவே. டியூரண்ட் கோப்பை 1940 இல் தில்லிக்கு மாறியது. அவ்வாண்டு முகம்மதன் இசுபோர்ட்டிங் அதனை வென்ற முதல் இந்திய அணியானது. இரண்டாம் உலகப் போரினால் தடைபட்ட இப்போட்டி 1950 இல் மீண்டும் தொடங்கியது. 2019 இல் கொல்கத்தாவுக்கு மாற்றப்பட்டது.

சந்தோஷ் கோப்பை

அனைத்திந்தியக் காற்பந்துக் கூட்டமைப்பு 1937 இல் உருவானது. மாநில அணிகளுக்கான சந்தோஷ் கோப்பை 1941 இல் தொடங்கியது. சந்தோஷ் என்பது வங்காளத்தில் இருந்த ஒரு சமீனின் பெயர். அதன் அரசரும் இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் முன்னாள் தலைவருமான மன்மத நாத் ராய் சவுத்ரியின் நினைவாக இப்பெயர் இடப்பட்டது. முதல் இறுதியாட்டத்தில் வங்காளம் தில்லியை 5-1 என வென்றது. கேரளம் 1973 இல் முதன்முறையாக வாகை சூடியது. 2024, திசம்பர் 31 அன்று மேற்கு வங்காளம் 33 ஆவது முறையாகக் கோப்பையை வென்றது.

பெடரேசன் கோப்பை

நாடு தழுவிய கழகப் போட்டி ஒன்றைக் கூட்டமைப்பே நடத்தும் நோக்குடன் 1977 இல் பெடரேசன் கோப்பை தொடங்கப்பட்டது. கொச்சியில் நடந்த முதல் இறுதியாட்டத்தில் பெங்களூர் ஐ.டி.ஐ. அணி மோகன் பகானை 1-0 என வென்றது. அடுத்த ஆண்டு கோயம்புத்தூரில் கிழக்கு வங்காளம், மோகன் பகான் ஆகிய இரண்டும் கூட்டு வாகையராயின. கேரளக் காவல்துறை அணி 1990, 1991 ஆகிய ஆண்டுகளில் தொடர்ந்து வென்றது. பொதுத்துறை நிறுவனம், காவல்துறை ஆகியவற்றின் அணிகள் பெரும் கழகங்களை வெல்ல முடிந்தது இப்போட்டியின் சிறப்பாகும்.

1997, சூலை 13 அன்று கொல்கத்தா சால்ட் லேக் அரங்கில் நடந்த அரையிறுதியை ஏறத்தாழ 1,31,000 பேர் கண்டனர். பாய்ச்சுங் பூட்டியாவின் மூன்று கோல்களுடன் கிழக்கு வங்காளம் மோகன் பகானை 4-1 என வென்றது. ஆயினும் 1996 இல் தேசிய லீக் தொடங்கிய பின்னர் கோப்பையின் முதன்மை குறைந்தது. 2017 மே மாதம் கட்டக்கில் பெங்களூரு எஃப்.சி. வென்றதுடன் இக்கோப்பை முடிவுக்கு வந்தது. மிகுதியாக 14 முறை வென்ற அணி மோகன் பகான் ஆகும்.

சூப்பர் கோப்பை

இந்தியன் சூப்பர் லீக், ஐ-லீக் ஆகிய இரண்டின் கழகங்களையும் ஒரே போட்டியில் கொணரும் வகையில் 2018 இல் சூப்பர் கோப்பை தொடங்கியது. 2019 இல் ஐ-லீக்கின் எதிர்காலம் குறித்த அதிருப்தியால் அதன் கழகங்கள் பல விலகின. கொரோனாத் தொற்றினால் தடைபட்டு, 2023 இல் மீண்டும் நடந்தது. இதன் வெற்றி ஆசியப் போட்டிகளுக்கான வழியாகவும் அமைந்தது. 2025 மே மாதம் வென்ற எஃப்.சி. கோவா, தகுதியாட்டத்தில் ஓமானின் அல் சீப் அணியை வீழ்த்தி ஆசிய வாகையர் லீக் 2 போட்டியில் நுழைந்தது.

தமிழ்நாடும் கன்னியாகுமரி மாவட்டமும்

சந்தோஷ் கோப்பையைத் தமிழ்நாடு வென்றதில்லை. எனினும் நீலகிரி மாவட்டம் வெலிங்டனைத் தலைமையிடமாகக் கொண்ட மதராசு படையணி மையம் 1955, 1958 ஆகிய ஆண்டுகளில் டியூரண்ட் கோப்பையை வென்றது. 2019 சூப்பர் கோப்பையில் விலகாமல் ஆடிய சென்னை சிட்டி அரையிறுதியை எட்டியது, சென்னையின் எஃப்.சி. இறுதியாட்டத்தில் கோவாவிடம் 1-2 எனத் தோற்றது. 2024 இறுதியாட்டத்தில் கிழக்கு வங்காளத்தின் முதல் கோலை அடித்தவர் தமிழ்நாட்டு வீரர் நந்தகுமார் சேகர் ஆவார்.

திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த கன்னியாகுமரி மாவட்டப் பகுதிகள் 1956, நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்தன. மாநில அடிப்படையிலான சந்தோஷ் கோப்பையில் இதன்பின் இப்பகுதி சென்னை மாநிலத்தின்கீழ் வந்தது. தூத்தூர், இரவிபுத்தன்துறை முதலிய மேற்குக் கடற்கரை மீனவ ஊர்களில் காற்பந்து பரவலாக ஆடப்படுகிறது. இரவிபுத்தன்துறையைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ், சென்னை சிட்டி, சம்செட்பூர் அணிகளில் ஆடிய பின், 2019-20 இந்தியன் சூப்பர் லீக்கை வென்ற ஏ.டி.கே. அணியில் இடம்பெற்றார்.